சான்று திரட்டிய ஆசிரியை: ஐடா வெல்ஸ் அம்மையார்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு சங்கப் பொறுப்பாளர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டனர். நாம் நாள்தோறும் போற்றும் தலைவர்கள் பலர் உளர். அவர்களைப் பற்றி நம் இளைஞர்கள் மேடைதோறும் கேட்டு வளர்ந்துள்ளனர். ஆதலால், கடல் கடந்த நாடொன்றில் நம்மைப் போலவே இழிவு சுமத்தப்பட்ட மக்களிடையே பிறந்து, நம்மைப் போலவே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஒரு பெண்மணியின் வரலாற்றைத் தேர்ந்துகொண்டோம். அவர் அமெரிக்க நாட்டின் ஐடா வெல்ஸ் அம்மையார். கறுப்பின மக்களைக் கும்பல் கொன்றபோது காவலர்கள் என்ன செய்தனர் என்னும் ஒரே கேள்வியை நாற்பதாண்டுக் காலம் விடாது கேட்டவர் அவர்.

பிறப்பும் இளமையும்

மிசிசிப்பி மாநிலத்தில் ஹோலி ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் 1862ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள் ஐடா பிறந்தார். பிறக்கும்போதே அவர் அடிமை. தந்தையார் ஜேம்ஸ் வெல்ஸ் தச்சுத் தொழிலாளி. தாயார் எலிசபெத் சமையல் வேலை செய்தவர். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், அவ்வூரில் விடுதலை பெற்றோருக்காக ஒரு கல்விக்கூடம் தோன்றியது. அதன் அறங்காவலர்களுள் ஒருவராகத் தச்சர் ஜேம்ஸ் வெல்ஸ் அமர்ந்தார். நேற்று வரை எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மக்கள், விடுதலை கிடைத்தவுடன் முதலில் நாடியது கல்வியையே என்பதை நம் சங்கத்தார் எளிதில் உணர்வர்.

1878ஆம் ஆண்டில் மஞ்சள் காய்ச்சல் அவ்வூரைத் தாக்கியது. சில நாட்களுக்குள் தாயும் தந்தையும் கைக்குழந்தையான தம்பியும் மாண்டனர். ஐடாவுக்கு அப்போது வயது 16. தந்தையின் நண்பர்கள் கூடி, எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொருவராகப் பிரித்து வளர்ப்பதென முடிவு செய்தனர். ஐடா அதற்கு இணங்கவில்லை. தாமே அவர்களைக் காப்பதாகக் கூறி, வயதைக் கூட்டிச் சொல்லித் தேர்வெழுதி, ஆறு மைல் தொலைவிலிருந்த நாட்டுப்புறப் பள்ளியொன்றில் ஆசிரியையானார். மாதச் சம்பளம் 25 டாலர். வார நாட்களில் பள்ளி. வெள்ளிக்கிழமை மாலை கோவேறு கழுதை மீதேறி வீடு திரும்புதல். இரு நாட்கள் துவைத்து, சமைத்து, தம்பி தங்கையரைப் பேணிவிட்டு மீண்டும் பள்ளி. இவ்வாறே அவருடைய இளமை கழிந்தது.

இரயில் வண்டியில் தொடங்கிய வழக்கு

பின்னர் அவர் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கும் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். ஒருமுறை இரயில் வண்டியில் பெண்களுக்கான பெட்டியில் முறைப்படி பயணச்சீட்டு வாங்கி அமர்ந்திருந்தார். வண்டி நடத்துனர் அவரை எழுந்து வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார். மறுத்த அவரை ஆட்கள் சேர்ந்து இழுத்து வெளியேற்றினர். அவர் அழுதுகொண்டு வீடு செல்லவில்லை. நீதிமன்றம் சென்றார். 1884ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு 500 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயிற்று. ஆனால் 1887ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்குச் செலவும் அவர் தலையிலேயே விழுந்தது. சட்டம் தம் பக்கம் நிற்கும் என்று நம்பியிருந்த இளம் ஆசிரியைக்கு அது பெரும் ஏமாற்றமாயிற்று.

அதன் பின்னரே அவர் எழுதுகோலை முழுமையாகப் பற்றினார். 1889இல் 'ஃப்ரீ ஸ்பீச்' என்னும் ஏட்டின் பங்குதாரரும் ஆசிரியருமானார். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் எத்தகைய இழிநிலையில் வைக்கப்பட்டுள்ளன என்று அதில் வெளிப்படையாக எழுதினார். விளைவு, 1891இல் ஆசிரியப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். நாமும் மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவரே. அவ்வேலையை இழக்க நேரும் என்று தெரிந்தே ஒருவர் உண்மையை எழுதினார் என்றால், அதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை நாம் அறிவோம்.

மெம்பிஸ் நகரில் மூன்று கொலைகள்

1892ஆம் ஆண்டு மார்ச் திங்களில் அவர் வாழ்வின் திசை மாறியது. அவருடைய நெருங்கிய நண்பர் தாமஸ் மாஸ், அஞ்சற்காரர். அவர் தோழர்களுடன் கூட்டுச் சேர்ந்து நகரின் ஓரத்தில் மளிகைக் கடையொன்றை நடத்தி வந்தார். எதிரே இருந்த வெள்ளையரின் கடைக்கு வணிகம் குறைந்தது. பூசல் மூண்டது. ஓர் இரவு ஆயுதம் தாங்கிய வெள்ளையர் சிலர் சாதாரண உடையில் கடைக்குள் நுழைந்தனர். தாக்க வந்த கும்பல் என்றெண்ணிக் கடையிலிருந்தோர் சுட்டனர், மூவர் காயமுற்றனர். வந்தவர்கள் ஷெரீப்பின் ஆட்கள் என்பது பின்னரே தெரிந்தது. ஷெரீப் என்பவர் அந்நாட்டில் மாவட்ட அளவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் காவல் தலைவர். சிறையும் கைதிகளும் அவர் பொறுப்பில் இருப்பர்.

தாமஸ் மாஸ், கால்வின் மக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரும் சிறையிலடைக்கப்பட்டனர். மார்ச் 9ஆம் நாள் விடியுமுன் முகமூடியணிந்த ஏறத்தாழ 75 பேர் சிறைக்குள் புகுந்து மூவரையும் இழுத்துச் சென்று ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றனர். எவரும் தண்டிக்கப்படவில்லை. அக்காலத்தில் இத்தகைய கும்பற்கொலைகள் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வழக்கமாயிருந்தன.

ஐடா தம் ஏட்டில் மக்களை நோக்கி எழுதினார். உயிருக்குக் காப்பில்லாத ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்றார். குடும்பம் குடும்பமாகப் பலர் ஒக்லஹோமா நோக்கிப் புறப்பட்டனர். எஞ்சியோர் நகர டிராம் வண்டிகளில் ஏறுவதை நிறுத்தினர். வருவாய் குறைந்த வண்டி நிறுவனத்தார் ஏட்டின் அலுவலகத்திற்கே வந்து காரணம் கேட்டனர். எளியவர் கூடித் தம் காசைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டால் வலியவரும் வாயிலில் வந்து நிற்பர் என்பதை அவர் அன்று கண்டார்.

எண்களின் வலிமை

இக்கொலைகளுக்கு அன்று கூறப்பட்ட காரணம் ஒன்றே: கறுப்பின ஆடவர் வெள்ளைப் பெண்களின் மானத்தைக் கெடுக்கின்றனர், ஆதலால் மக்கள் பொங்கியெழுகின்றனர் என்பது. படித்தவரும் இதனை நம்பினர். ஐடாவும் ஓரளவு நம்பியிருந்தார். ஆனால் தாமஸ் மாஸ் எந்தப் பெண்ணையும் தொட்டவரல்லர். அவர் செய்த குற்றம் கடை நடத்தியதே. ஆகவே ஐடா ஒவ்வொரு கொலையையும் தனித்தனியே ஆராயத் தொடங்கினார். வெள்ளையர் நடத்திய 'சிகாகோ டிரிப்யூன்' நாளேடு ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலையே அவர் அடிப்படையாகக் கொண்டார். எட்டாண்டுகளில் கொல்லப்பட்ட 728 கறுப்பின மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மீது மட்டுமே அத்தகைய குற்றச்சாட்டேனும் கூறப்பட்டிருந்தது. மெய்ப்பிக்கப்பட்டவை அதனினும் குறைவு.

இவ்வுண்மையை எழுதியதற்காக 1892 மே 27ஆம் நாள் அவருடைய அச்சகம் உடைத்து நொறுக்கப்பட்டது. அவர் அப்போது வெளியூர்ப் பயணத்தில் இருந்ததால் உயிர் தப்பினார். திரும்பினால் கொலை என்ற எச்சரிக்கை வந்தது. நியூயார்க்கில் தங்கி எழுதினார். 1892இலும் 1895இலும் நூல்கள் வெளியிட்டார். 1893, 1894ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து சென்று மேடைதோறும் பேசினார். அவர் பேச்சில் வசை இராது. ஊர், நாள், பெயர், கூறப்பட்ட குற்றம், சிறைக் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்பனவே இருக்கும். எதிரியின் ஏட்டிலிருந்தே சான்று எடுத்ததால் எவராலும் மறுக்க இயலவில்லை.

1895இல் சிகாகோவில் வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்து நான்கு மக்களுக்குத் தாயானார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே கூட்டங்களுக்குச் சென்று வந்தார்.

1900ஆம் ஆண்டு ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ராபர்ட் சார்லஸ் என்னும் கறுப்பினத்தவர் தம் நண்பருடன் ஒரு வீட்டு வாயிற்படியில் அமர்ந்திருந்தார். காவலர்கள் வந்து விசாரித்தனர், பிடியாணை ஏதுமில்லை, கைகலப்பு ஏற்பட்டது, இரு பக்கமும் துப்பாக்கி வெடித்தது. சார்லஸ் தப்பியோடினார். அவரைத் தேடுகிறோம் என்று கூறிக் கும்பல்கள் சில நாட்கள் நகரெங்கும் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்றன. காவலர் சிலரைச் சுட்டு வீழ்த்திய சார்லஸ் இறுதியில் கொல்லப்பட்டார். நாடே அவரைக் கொடிய விலங்காகச் சித்திரித்தது. ஐடா மட்டும் முதற்கேள்விக்குத் திரும்பினார். வாயிற்படியில் அமர்ந்திருந்த மனிதனைத் தொடக் காவலருக்கு என்ன அதிகாரம் இருந்தது? அந்நகர ஏடுகளின் செய்திகளைக் கொண்டே தனி நூல் எழுதி, பூசலைத் தொடங்கியது யார் என்பதை நிறுவினார்.

கெய்ரோ நகர நிகழ்ச்சி

நம் இளைஞர்கள் மறவாது நினைவிற்கொள்ள வேண்டியது 1909ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும். இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள கெய்ரோ நகரில், நவம்பர் 11ஆம் நாள், கொலைப் பழி சுமத்தப்பட்ட வில் ஜேம்ஸ் என்னும் கறுப்பினத்தவர் ஷெரீப்பின் காவலில் இருந்தபோதே ஆயிரக்கணக்கானோர் கொண்ட கும்பலால் பறித்துச் செல்லப்பட்டு, நகரின் நடுவே கொல்லப்பட்டார். விசாரணை நடக்கவில்லை, தீர்ப்பும் இல்லை.

அம்மாநிலத்தில் 1905ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. காவலில் உள்ள கைதியைக் கும்பலிடம் இழக்கும் ஷெரீப்பின் பதவி அன்றே பறிபோகும். தாம் இயன்றதனைத்தும் செய்ததாக அவர் ஆளுநரிடம் மெய்ப்பித்தால் மட்டுமே மீண்டும் பதவி பெறலாம். அதன்படி ஷெரீப் ஃபிராங்க் டேவிஸ் நீக்கப்பட்டார். அவர் உடனே மறுபதவி கேட்டு மனுச் செய்தார். அதனை எதிர்த்துச் சான்று கூற எவரும் முன்வரவில்லை.

ஐடாவின் கணவர் ஓர் இரவு உணவு வேளையில் இதனைக் கூறி, அவரே போகவேண்டும் என்றார். ஐடா மறுத்தார். முன்னே சென்றால் ஆண்களை முந்திக்கொள்கிறாள் என்று தம் இனத்தாரே பழிக்கின்றனர். இம்முறை அவர்களே போகட்டும் என்று சலிப்புடன் கூறிவிட்டுக் குழந்தையுடன் படுத்துறங்கினார். மூத்த மகன் வந்து எழுப்பினான். அம்மா போகாவிட்டால் வேறு யார் போவார்கள் என்று கேட்டான். மறுநாள் காலை அவர் இரயில் ஏறினார். பெரியோரும் சோர்வடைவர், அவர்களுக்கும் ஒரு குரல் வந்து எழுப்பவேண்டியிருக்கிறது.

கெய்ரோவில் அவரை எதிர்கொண்டது பெரும் அதிர்ச்சி. அவ்வூர்க் கறுப்பினப் பெரியவர்களே ஷெரீப்புக்கு ஆதரவாக ஆளுநருக்குக் கடிதம் அனுப்பியிருந்தனர். அவர் நல்லவர், நமக்கும் சில வேலைகள் கொடுத்தவர், கொல்லப்பட்டவனோ நல்லவனல்லன் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். இத்தகைய கையொப்பங்கள் எவ்வாறு பெறப்படுகின்றன என்பதை நம் ஊர்களில் வாழ்வோருக்கு விளக்க வேண்டியதில்லை. ஐடா அவர்களை ஏசவில்லை. கூட்டம் கூட்டி எடுத்துரைத்தார். வில் ஜேம்ஸ் நல்லவனா என்பது கேள்வியன்று. காவலில் உள்ளவன் எவனாயினும் அவன் உயிருக்குக் காவலரே பொறுப்பு. இன்று இதனைப் பொறுத்துக்கொண்டால் நாளை எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இதுவே நேரும் என்றார். நிகழ்ந்த இடங்களுக்கு நேரில் சென்று, பலரை விசாரித்துக் குறிப்பெடுத்தார். ஷெரீப் போதிய காவல் ஆட்களைத் திரட்டவில்லை, கைதியைக் காக்கத் தக்க முயற்சி செய்யவில்லை என்பதற்குச் சான்றுகள் சேர்ந்தன. கூட்டத்தாரும் மனம் மாறி, மறுபதவி கூடாதெனத் தீர்மானம் இயற்றினர்.

தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆளுநர் சார்லஸ் டெனீன் முன் விசாரணை நடந்தது. ஷெரீப்பின் பக்கம் செல்வாக்குள்ள வழக்கறிஞர்களும் ஊர்ப் பெரியவர்களின் கடிதக் கட்டும் இருந்தன. எதிரே, சட்டம் பயிலாத ஒரு முன்னாள் ஆசிரியை, கணவர் எழுதியனுப்பிய வாதக் குறிப்புடனும் தம் கையால் எழுதிய சான்றுகளுடனும் நின்றார். ஆளுநர் 1909 டிசம்பரில் முடிவை அறிவித்தார். ஷெரீப்புக்கு மறுபதவி மறுக்கப்பட்டது.

இதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1910 பிப்ரவரியில் அதே கெய்ரோ நகரில் மற்றொரு கறுப்பினக் கைதியைப் பறிக்கக் கும்பல் சிறையை வளைத்தது. புதிய ஷெரீப் தம் ஆட்களைத் திரட்டி நிறுத்தினார். அவர்களுள் கறுப்பினத்தவரும் இருந்தனர். கும்பல் விலகாதபோது சுட ஆணையிட்டார். கும்பலில் ஒருவன் மாண்டான், கைதி காக்கப்பட்டார். ஊர் அதே ஊர்தான். மக்களும் அதே மக்கள்தாம். கடமை தவறினால் பதவி போகும் என்று ஆள்வோர் அறிந்ததே புதிது.

சிகாகோவில் ஆற்றிய பணிகள்

1910இல் அவர் சிகாகோவில் ஒரு சங்கம் நிறுவி, தென்மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்களுக்குப் படிப்பகமும் தங்குமிடமும் அமைத்தார். வீடும் நண்பரும் இல்லாத இளைஞர்களே காவலர் கையில் எளிதில் சிக்குகின்றனர் என்பதை அவர் கண்டிருந்தார். 1913 முதல் 1916 வரை நகர நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றினார். சிகாகோவில் அப்பதவியேற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

அவ்வாண்டுகளில் ஆர்க்கன்சாவிலிருந்து ஸ்டீவ் கிரீன் என்னும் குத்தகை உழவர் தப்பி வந்தார். நில உரிமையாளர் அவரைச் சுட, அவர் திருப்பிச் சுட்டதில் உரிமையாளர் இறந்துவிட்டார். சிகாகோக் காவலர் அவரைப் பிடித்து ஆர்க்கன்சாக் காவலரிடம் ஒப்படைத்தனர். அங்கே சென்றால் கும்பற்கொலை உறுதி. ஐடாவும் தோழர்களும் ஆட்கொணர் ஆணை பெற்று, வண்டி செல்லும் வழியிலுள்ள ஷெரீப்புகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினர். மீட்பவருக்கு 100 டாலர் பரிசு என்றும் அறிவித்தனர். மாநில எல்லையைக் கடக்குமுன் கடைசி ஊரில் வண்டியிலிருந்து அவரை இறக்கியவர் கெய்ரோ நகரின் ஷெரீப் ஆவார்.

1919 ஜூலை 27ஆம் நாள் சிகாகோ ஏரிக்கரையில் யூஜின் வில்லியம்ஸ் என்னும் 17 வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையன் ஒருவன் எறிந்த கற்களினால் நீரில் மூழ்கி இறந்தான். எறிந்தவனைக் கண்டு காட்டியும், அங்கிருந்த காவலர் கைது செய்ய மறுத்தார். அம்மறுப்பிலிருந்து கலவரம் மூண்டது. 38 பேர் மாண்டனர். அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். அரசு வழக்கறிஞர் கறுப்பினத்தவர் மீதே வழக்குகளைக் கொண்டுவந்தது கண்டு விசாரணைக் குழுவினரே மனம் பொறாது வெள்ளையர் வழக்குகள் எங்கே எனக் கேட்டனர். ஐடா கலவரத் தெருக்களில் நடந்து, பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களை எழுதிச் சேர்த்தார்.

அதே ஆண்டில் ஆர்க்கன்சாவின் ஈலேன் பகுதியில், பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் அமைத்த கறுப்பின உழவர் தாக்கப்பட்டனர். மிகப் பலர் கொல்லப்பட்டனர். தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டதோ உயிர் பிழைத்த உழவர் 12 பேருக்கு. முப்பதாண்டுகளாகத் தென்மாநிலங்களுக்குள் காலெடுத்து வைக்க இயலாதிருந்த ஐடா, கைதியொருவரின் உறவினர்போல் எளிய உடையில் சிறைக்குள் சென்று, அவர்கள் கூறியதனைத்தையும் எழுதிக்கொண்டார். அவர்கள் மறுமையைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தனர். சாவைப் பற்றிப் பாடுவதை விட்டு வாழ்வதற்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறினார். நீண்ட வழக்கில், 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உழவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1925ஆம் ஆண்டிற்குள் அப்பன்னிருவரும் விடுதலை பெற்றனர்.

மறைவும் பின்னர் வந்த பெருமையும்

1931ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அம்மையார் தம் 68ஆம் வயதில் மறைந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த தன்வரலாறு ஒரு சொல்லின் பாதியிலேயே நின்றுபோயிற்று. மகள் ஆல்ஃபிரடா அதனைப் பேணி 1970இல் வெளியிட்டார். அம்மையார் வாழ்நாள் முழுவதும் வேண்டிய கும்பற்கொலைத் தடுப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டில்தான் அந்நாட்டில் நிறைவேறியது.

2020 மே 4ஆம் நாள், இதழியலுக்கான புலிட்சர் சிறப்புப் பாராட்டு அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. மூன்றே வாரங்கள் சென்று மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்னும் கறுப்பினத்தவரின் கழுத்தில் காவலர் ஒருவர் முழந்தாளை அழுத்தி, ஒன்பது நிமிடங்களுக்கு மேல் எடுக்காதிருந்து கொன்றார். காவல்துறையின் முதல் அறிக்கை அதனை உடல்நலக் குறைவால் நேர்ந்த இறப்புப்போல் கூறியது. தெருவில் நின்ற 17 வயது மாணவி ஒருத்தி தன் கைப்பேசியில் நிகழ்ந்ததை முழுமையாகப் பதிவு செய்திருந்தாள். அப்பதிவே அறிக்கையைப் பொய்யாக்கியது. உலகெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். 2021இல் அக்காவலர் கொலைக் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அம்மாணவிக்கும் அதே ஆண்டில் புலிட்சர் சிறப்புப் பாராட்டு வழங்கப்பெற்றது. ஐடா அம்மையார் எழுதுகோலால் செய்ததை அச்சிறுமி கைப்பேசியால் செய்தாள்.

நம் இளைஞர்களுக்கு

முப்பதாண்டுகளுக்கு முன், அடிபட்ட பெரியவர் ஒருவருடன் நாம் ஒரு காவல் நிலையத்திற்குத் துணைக்குச் சென்றோம். அமர வைத்தனர், பொறுமையாகக் கேட்டனர், போய்வாருங்கள் என்றனர். தாளில் ஓரெழுத்தும் எழுதப்படவில்லை. பின்னர் கேட்டபோது அத்தகைய புகாரே வரவில்லை என்றாயிற்று. பட்டம் பெற்றிருந்த நாம் அருகிலிருந்தும், எழுதிக் கொடுத்து நகல் பெறவேண்டும் என்று தோன்றவில்லையே என்னும் வருத்தம் இன்றும் நம் நெஞ்சில் உள்ளது.

இன்று நம் நாட்டில் சட்டம் உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 2015இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக் காட்டுவதையும், முதல் தகவல் அறிக்கை பதிவதையும், அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு உடனே தருவதையும் அலுவலரின் கடமையாக்கியுள்ளன. வேண்டுமென்றே கடமை தவறுவது தண்டனைக்குரியது. ஆயினும் 1905ஆம் ஆண்டுச் சட்டம் கெய்ரோவில் தானாக எழுந்து நிற்கவில்லை. ஒருவர் இரயில் ஏறிச் சென்று, கேட்டு, எழுதி, ஆளுநர் முன் நிற்க வேண்டியிருந்தது.

ஆகவே, நம் சங்கத்தின் உதவியால் படித்து உயர்ந்த இளைஞர்களே, உங்கள் தெருவில் தீங்கு நேரும்போது நாள், நேரம், இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். காவல் நிலையம் செல்லும் எளியவரைத் தனியே அனுப்பாதீர்கள். நகலைக் கையில் பெறாமல் திரும்பாதீர்கள். படிக்காத பெரியவரிடம் கையொப்பம் கேட்டு எவரேனும் வந்தால், அத்தாளை முதலில் நீங்கள் வாங்கிப் படியுங்கள். நாம் கற்ற எழுத்து வயிற்றுப் பிழைப்புக்கு மட்டும் உரியதன்று. கல்விச் சங்கம் இருபத்தைந்தாண்டுகளாக உழைத்ததும் அதன் பொருட்டே.